கை ஓடாத காலத்தில் வீட்டுச் சாப்பாட்டைச் சீர்செய்வது எப்படி

என் வரைமேசையிலிருந்து குசினிக்கு ஒன்பது எட்டுத் தூரம். போன ஆடி மாதம் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அந்த ஒன்பது எட்டை நடந்ததுதான். மேசையில் இருப்பேன். பென்சிலைச் சீவுவேன். கச்சான் காற்று யன்னல் கதவைப் போட்டு அடிக்கும். எழும்பிப் போய் பிஸ்கட் டின்னைத் திறப்பேன். மூடி கழன்ற சத்தம் கேட்டதும் இரண்டு பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு. திரும்பி வந்து பார்த்தால் தாள் வெள்ளையாகவே கிடக்கும், பென்சில் மட்டும் கட்டையாகியிருக்கும்.

சிறுவர் பயிற்சிப் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் நேர்ஸ். மகளுக்கு 11, மகனுக்கு 7. இரண்டு பேரும் வீட்டில் என்னிடம்தான் படிக்கிறார்கள். ஏன் என்ற கதை நீளம், இங்கே வேண்டாம். வீடு கல்லடியில், மனைவிக்குச் சீதனமாக வந்தது. மட்டக்களப்புப் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் கட்டி இங்கே வந்து சேர்ந்தவன் நான். அதாவது குசினி மாமியுடையது. கீழே சொல்வதையெல்லாம் இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் வீட்டுப் பாடம் படத்தில் ஓடுகிற பாடம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி வாய்க்கால் வழியாக வயலுக்கு எப்படிப் போகிறது என்று ஒரு பெரிய தாளில் நான் கீறினால், அதை வைத்தே ஒரு கிழமை கணக்கு, சுற்றாடல், தமிழ் எல்லாம் நடக்கும். கீறல் நின்றதும் பாடமும் தொய்ந்துவிட்டது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களை இலவசமாக இறக்கலாம், இறக்கி வைத்தும் இருந்தேன். ஆனால் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு மூன்று பேரும் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் உண்மை.

அப்படியான காலத்தில் 'இனி நல்ல சாப்பாடு' என்று தொடங்க வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். ஏழு நாளுக்கு மெனு ஒன்று கலர் பேனையில் எழுதி, ஓரத்தில் முருங்கையிலை எல்லாம் கீறி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். திங்கட்கிழமை குரக்கன் ரொட்டி நடந்தது. செவ்வாய் மாமி வந்து அதைப் பார்த்தார், 'வடிவா இருக்கு தம்பி' என்றார், சோற்றுக்கு அரிசி கழுவப் போனார். அதோடு சரி.

மெனு தோற்ற பிறகுதான் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. முதலில் நீங்களும் அதைச் செய்யுங்கள். மூன்று நாளைக்கு எதையும் மாற்றாமல் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எத்தனை மணி, என்ன, எங்கே இருந்து சாப்பிட்டது, ஏன். எழுதும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். நாமே எழுதினால் நமக்குச் சாதகமாகத்தான் எழுதுவோம். 'ஏன்' என்பதற்கு நான் 'பசி', 'சும்மா' என்று இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்தேன். மகள் என்னைக் கேட்காமலே மூன்றாவதாக ஒன்று போட்டுவிட்டாள்: 'அப்பா எடுத்தார்'. மூன்றாம் நாள் மகன் பதினொரு தரம் வாயில் ஏதோ போட்டிருந்தான். அதில் ஆறு அந்த மூன்றாம் கட்டத்தில்.

பிஸ்கட், மிக்சர், அரைப் பணிஸ், பால் தேத்தண்ணி. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். ஆனால் மத்தியானம் சோறு வைத்தால் இரண்டு பேரும் கையை அளைந்துகொண்டு இருந்தார்கள். கச்சான் வெக்கையில் பசி வராது என்று மாமி சொன்னார். அதுவும் உண்மைதான். ஆனால் கொப்பி சொன்னது வேறு.

பள்ளிக்கூடத்தில் மணி இருக்கிறது. இடைவேளை மணி அடித்தால்தான் சாப்பாட்டுப் பெட்டி திறக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அந்த மணி இல்லை. யோசித்துப் பார்த்தால் 2022 இல் காஸ் கிடைக்காத மாதங்களில் எங்கள் வீட்டிலும் மணி இருந்தது. விறகடுப்பு ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான் எரியும். எரியும்போது சாப்பிட்டால் சூட்டோடு சாப்பாடு, இல்லாவிட்டால் ஆறினது. பால்மாவும் இல்லாததால் நடுவில் தேத்தண்ணி என்ற பேச்சே இல்லை. அந்தக் கஷ்டத்தைப் புகழ நான் வரவில்லை. காஸ் சிலிண்டர் திரும்ப வந்ததோடு அந்த ஒழுங்கு போய்விட்டது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

ஆகவே சாப்பாட்டில் கை வைக்க முன்னர் நேரத்தில் கை வையுங்கள். நேரத்தைத் தொடங்க ஒரு முளை வேண்டும், வீட்டில் மாற்ற முடியாத ஒரு மணி. எங்கள் வீட்டில் அது மாமியின் குளிசை. மாமிக்குச் சீனி வருத்தம். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் குளிசை, போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். பிந்தினால் சீனி இறங்கித் தலை சுற்றும் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி மருந்து எடுப்பவர் இருந்தால், அவருடைய நேரத்தை மாற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் கிளினிக்கில் கேளுங்கள். மற்றவர்கள் அவரோடு வந்து சேரட்டும்.

காலை 7.15, மாமியின் நேரம். அதிலிருந்து இரண்டரை, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் என்று எண்ணினோம். 10 மணிக்குப் பழமோ அவித்த கடலையோ கச்சான் கொட்டையோ. 1 மணிக்குச் சோறு. 4 மணிக்குத் தேத்தண்ணி. 7.15க்கு இரவுச் சாப்பாடு. நடுவில் தண்ணி எவ்வளவும் குடிக்கலாம். அதற்காக ஒரு மண்பானையை மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். நடக்கிற ஒன்பது எட்டில் நாலு குறைந்தது.

மனைவிக்குப் பின்னேர டியூட்டி என்றால் பகல் 1 மணிக்கு அவர் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். அன்றைக்கு எல்லோருக்கும் 11.45க்குச் சோறு, 10 மணிச் சாப்பாடு இல்லை. இரண்டு நேர அட்டவணை போதும், மூன்றாவது வேண்டாம். மாதத் தொடக்கத்தில் டியூட்டி லிஸ்ட் கைக்கு வந்ததும் மகன் கலண்டரில் பின்னேர டியூட்டி நாட்களுக்கு வட்டம் போடுவான். அவன் நாட்களையும் திகதிகளையும் படித்தது அப்படித்தான்.

மணி அடிப்பது யார் என்பது முக்கியம். நான் அடித்தால் யாரும் வர மாட்டார்கள், ஏனென்றால் கொப்பியில் மூன்றாம் கட்டத்து ஆள் நான்தானே. மாமியிடம் கொடுத்தேன். குளிசை போட்டதும், மற்றச் சாப்பாட்டு நேரங்களுக்கும், வெண்கலச் செம்பில் கரண்டியால் இரண்டு தட்டு. மெனுவைப் பார்த்து அரிசி கழுவப் போனவர், இந்த வேலையை மட்டும் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

பிஸ்கட் டின்னுக்கு வருவோம். ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்தால் அது புதையல். கதிரை மேல் கதிரை வைத்து ஏறுவார்கள், எங்கள் வீட்டில் ஏறியிருக்கிறார்கள். தடை போடுவதும் வேலைக்காகாது, பக்கத்து வீட்டில் கிடைக்கும். நான் செய்தது சின்ன விஷயம். பெரிய பக்கற் வாங்குவதை விட்டேன். கிழமைக்கு ஒரு சின்னப் பக்கற், அது 4 மணித் தேத்தண்ணியோடு மேசையில் வரும், முடிந்தால் முடிந்தது. வெறும் டின்னை அதே இடத்தில் விட்டு வைத்தேன். மேசையிலிருந்து எழும்பிப் போய் நான்கு நாள் நானே அதைத் திறந்து பார்த்தேன், வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்தது கஷ்டமான பகுதி. மகனுக்கு 7 வயதாகியும் மாமி கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வருவார். மாமரத்தடியில் ஒரு கவளம், கிணற்றடியில் ஒரு கவளம். 'காகத்துக்குக் குடுக்கிறன், நீ தின்னாட்டி காகம் தின்னும் மனே.' அவன் பசித்துத் தின்னவில்லை, காகத்தோடு போட்டிக்குத் தின்றான். அதை நிறுத்தினால் பிள்ளை வாடிப்போய்விடும் என்று மாமிக்குப் பயம். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

இதில் பெரியவருக்கும் பிள்ளைக்கும் வேலையைப் பிரித்து விடுங்கள். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே இருந்து சாப்பிடுவது, இது பெரியவர் வேலை. எவ்வளவு சாப்பிடுவது, இன்றைக்கு அந்தக் கறியைத் தொடுவதா இல்லையா, இது பிள்ளையின் வேலை. மாமியிடம் நான் இதை விளக்கப் போகவில்லை, மனைவியை அனுப்பினேன். வெள்ளைச் சீருடையோடு நின்று சொன்னால், மாமிக்குத் தன் மகள் சொன்னாலும் டொக்டர் சொன்ன மாதிரிதான். ஒரு கிழமை பார்ப்போம், நிறை குறைந்தால் திரும்பக் கிண்ணத்தை எடுக்கலாம் என்று பேச்சு. முதல் இரண்டு நாள் மகன் நாலு வாய் சாப்பிட்டு எழும்பினான். மாமி அன்றைக்கு என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் 1 மணிக்குச் செம்பு தட்ட முதலே பாயில் வந்து இருந்தான். கிழமை முடிவில் தராசில் ஏற்றினோம், நிறை அப்படியே இருந்தது. உங்கள் பிள்ளை நிறை குறைந்த பிள்ளை, அல்லது வருத்தக்காரப் பிள்ளை என்றால் இந்தப் பரிசோதனையை உங்கள் பாட்டில் தொடங்காதீர்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமோ டொக்டரிடமோ முதலில் கேளுங்கள்.

புதுச் சாப்பாட்டை ஒருதரம் ஒதுக்கினால் பிடிக்காது என்று முடிவெடுக்க வேண்டாம். சில பிள்ளைகளுக்குப் பத்துத் தடவை, அதற்கு மேலும் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். வல்லாரைச் சம்பலை மகன் பாயிலிருந்து தள்ளித் தள்ளி வைத்துக் கடைசியில் ஒருநாள் விரலால் தொட்டு நக்கினான். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். கைதட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

சோற்றுப் பாயில் என்ன மாற்றினோம் என்றால், அதிகம் இல்லை. மட்டக்களப்புச் சாப்பாட்டில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான் என்பது என் கட்சி. சிவப்பரிசிச் சோறு, மீனாணம் என்கிற மீன்குழம்பு, ஒரு இலைச் சுண்டல், இருந்தால் எருமைத் தயிர். இதில் பிழை என்ன? பிழை எங்கே என்றால் சோற்றோடு கூடவே தேத்தண்ணி குடிப்பதில். தேயிலையில் உள்ள சாயச்சத்து, இலைக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைக் குறைக்கும். தேசிக்காயில் உள்ள விற்றமின் சி அதை எடுக்க உதவும். ஆகவே தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள், சுண்டலை இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். அடுப்பில் கிடக்கும்போதே பிழிந்தால் விற்றமின் சி சூட்டில் குறைந்துவிடும், கசப்பும் ஏறும். 11 வயதுப் பெண்பிள்ளை உள்ள வீட்டில் இரும்புச்சத்து சின்ன விஷயம் இல்லை.

மீன்காரர் காலை எட்டரைக்கு மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். முன்னர் மாமி மட்டும் போவார். இப்போது பிள்ளைகளும் கொப்பியோடு போகிறார்கள். சூரை கிலோ என்ன விலை, கீரி என்ன விலை, அரைக் கிலோ வாங்கினால் மிச்சம் எவ்வளவு. அன்றைய கணக்குப் பாடம் வாசலிலேயே முடிந்துவிடும். சின்ன மீனை முறுகப் பொரித்து முள்ளோடு தின்றால் கல்சியம் கிடைக்கும் என்பதால் கிழமையில் இரண்டு நாள் நெத்தலி. செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க மகளுக்கு மாமி காட்டிக் கொடுத்தார். அதை நான் எந்தப் படத்தில் கீறி விளங்கப்படுத்தியிருப்பேன்?

சீனியைப் பற்றி ஒரு பாடம் நடத்தினோம். உங்கள் வீட்டிலும் நடத்தலாம், வெறும் போத்தல் ஒன்று போதும். இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனிக்கு நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. மகள் ஒரு மஞ்சள் போத்தலைத் தூக்கிக் காட்டி, 'சிவப்பு இல்லைத்தானே அப்பா' என்றாள். சரி, கணக்கைப் பார் என்றேன். 100 மில்லிலீற்றருக்கு 9 கிராம், போத்தல் 400 மில்லிலீற்றர். 36 கிராம். தேக்கரண்டி ஒன்று சுமார் 4 கிராம். மகன் ஒரு கண்ணாடிக் கிளாசில் ஒன்பது கரண்டி சீனியை ஒவ்வொன்றாகப் போட்டான். ஆறாவது கரண்டியில் மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, 'சீனியக் கொட்டாத மனே, விலை தெரியுமா' என்றார். நிறம் 100 மில்லிலீற்றருக்குத்தான், போத்தலுக்கு இல்லை என்பது அந்தக் கிளாசைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் பிடிபட்டது. உலக சுகாதார நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சீனியை நாளின் மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது, 5 வீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்கிறது. 5 வீதம் என்றால் வளர்ந்த ஆளுக்குச் சுமார் 25 கிராம், ஆறு கரண்டி. நான் ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி, இரண்டிரண்டு கரண்டி. அந்தக் கணக்கை மகள் வாய்விட்டுப் பெருக்கினாள்.

தேத்தண்ணியில் சீனியை ஒரே நாளில் வெட்டினால் வீட்டில் சண்டை வரும். சாயத்தண்ணியாக ஊற்றி, பக்கத்தில் சின்னத் துண்டு பனங்கட்டி வைத்துக் கடித்துக் குடிக்கப் பழகுங்கள். கடிக்கிற துண்டைப் பார்த்துக் குறைக்கலாம், கரைந்த சீனியைப் பார்க்க முடியாது. நான் நாலு தேத்தண்ணியை இரண்டாக்கியிருக்கிறேன், அதற்குக் கீழே இறங்க மனமில்லை.

சனிக்கிழமை இரவுச் சாப்பாடு பிள்ளைகளின் பொறுப்பு. பிட்டிலிருந்து தொடங்குங்கள், அதில் கத்தி வேலை இல்லை. வறுத்த சிவப்பரிசி மா இரண்டு கப், அளவாக உப்பு. நன்றாகச் சுட்ட தண்ணியை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, கரண்டிக் காம்பால் கிளறி, சூடு ஆறியதும் விரலால் உதிர்க்க வேண்டும். தண்ணி எவ்வளவு என்று கப் கணக்குச் சொல்ல மாட்டேன், மாவுக்கு மா வித்தியாசம். கையில் எடுத்துப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். முதல் சனிக்கிழமை மகள் தண்ணியை ஊற்றிவிட்டாள், மா களியாகிவிட்டது. மாமி ஒன்றும் சொல்லாமல் அதில் தேங்காய்ப்பூ போட்டு ரொட்டியாகத் தட்டித் தந்தார். இரண்டாம் கிழமை குழலில் வந்தது. மூன்று பங்கு மாவுக்கு ஒரு பங்கு தேங்காய்ப்பூ என்று அடுக்கடுக்காகப் போடுவது மகனின் வேலை. விகிதம் என்ற சொல்லை மகள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். தேங்காய் 200 ரூபாய் தொட்ட காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பங்கை மீறித் தேங்காய்ப்பூ போடுவதில்லை. குழலின் மேல் துவாரத்தால் ஆவி நேராக வந்த பிறகு ஐந்து நிமிடம். தேங்காய் திருவுகிற திருவலைப் பக்கம் 7 வயதுப் பிள்ளையை விடாதீர்கள்.

இந்த ஒழுங்கு உடையும் நாட்கள் வரும். மாமாங்கக் கோவில் திருவிழாப் பத்து நாளும் நாங்கள் அட்டவணையை மடித்து வைத்துவிட்டோம். கச்சான் கடை, ஐஸ்கிரீம் வான், பின்னேரம் முழுக்கக் கோவில் வீதி. ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த மறுநாள் காலை 7.15க்குச் செம்பு தட்டியது, திரும்பவும் தொடங்கினோம். நடுவில் விட்டதற்கு யாருக்கும் ஏச்சு இல்லை. விருந்தாளி வந்தால், சவத்துக்குப் போக வேண்டி வந்தால், மழை வெள்ளம் வந்தால் இதே மாதிரி விடுங்கள். அடுத்த செம்பிலிருந்து தொடங்கலாம்.

வரைதல் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது என்று சொல்ல மாட்டேன். மகனுக்கு எழுத்து வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பதால் நேர அட்டவணையைப் படமாகக் கேட்டான். ஐந்து மணிக்கூடு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் படம். சின்ன வேலைதானே என்று இருந்து கீறினேன். 1 மணிக்குப் பக்கத்தில் சோறும் கீரி மீனும். குளிர்சாதனப் பெட்டியில், பழைய மெனு இருந்த இடத்தில் ஒட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

'இது கீரியா தம்பி? எனக்குச் சூடை மீன் மாதிரிக் கிடக்கு.'

கழற்றி எடுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கீறினேன். அதுவும் சூடைதானாம். நாளைக்கு மீன்காரர் வந்ததும் ஒன்றை வாங்கித் தட்டில் வைத்துப் பார்த்துத்தான் கீற வேண்டும். பொரிக்க முதல் எனக்குப் பத்து நிமிடம் தருவதாக மாமி சொல்லியிருக்கிறார்.